சூடு காட்டினால் போகாத விஷம்

"நேத்து வச்ச கறிதானே! ஒரு கொதி விட்டா எல்லாம் செத்துப் போயிடும்." நம் லயத்து வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காத நாள் உண்டா? அம்மா சொன்னது, பாட்டி சொன்னது, தோட்டத்துக் கோயிலில் அண்டா வைக்கும் சமையல்காரர் சொன்னது. இதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் திருவிழாவுக்குத் திருவிழா நம் பிள்ளைகளை வாந்தியெடுக்க வைக்கிறது என்பதைத் தோட்டத் தொழிலாளத் தோழர்களுக்கு இன்று விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். மறுக்கவில்லை. ஆனால் கிருமி சாவதற்கு முன்னால் சோற்றிலும் கறியிலும் கக்கி வைத்துவிட்டுப் போன விஷம் சாகாது. அது உயிருள்ள பொருள் இல்லையே, சாவதற்கு? பாம்பை அடித்துக் கொன்றுவிட்டால் கடிபட்டவன் உடம்பில் ஏறிய விஷம் இறங்கிவிடுமா என்ன?

சாப்பாடு கெட்டு வரும் நோயில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. முதல் வகையில் உயிருள்ள கிருமியே வயிற்றுக்குள் போய்ப் பெருகுகிறது. 2018-ல் பக்கத்துக் கெடாவில், பாலிங் வட்டாரத்துக் குபாங்கில் விற்ற லக்சாவைச் சாப்பிட்டுப் பலர் மருத்துவமனைக்குப் போனதும் இரண்டு பேர் இறந்ததும் நினைவிருக்கும். அங்கே குற்றவாளி சால்மொனெல்லா என்ற கிருமி. இந்த வகை வருவதற்கு அரை நாள் ஆகலாம், இரண்டு மூன்று நாளும் ஆகலாம். காய்ச்சல் அடிக்கும், வயிறு போகும். நன்றாக வேகவைத்தால் இந்தக் கிருமியைத் தடுத்துவிடலாம்.

நாம் பேச வந்தது இரண்டாவது வகை. சாப்பிட்டு ஒரு மணி, இரண்டு மணி, மிஞ்சினால் ஆறு மணி நேரம். சாப்பிட்ட இலை காய்வதற்குள்ளே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுருண்டு விழுவார்கள். "கண்ணு பட்டுடுச்சு", "காத்து கறுப்பு அடிச்சிடுச்சு", "யாரோ எதையோ கலந்துட்டான்" என்று பேச்சு கிளம்புவது இப்படிப்பட்ட நேரத்தில்தான். யாரும் எதையும் கலக்கவில்லை. கலந்தது நம் கைதான்.

ஆமாம், கைதான். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று ஒரு கிருமி. பத்துப் பேரை நிறுத்திப் பார்த்தால் இரண்டு மூன்று பேருடைய மூக்குக்குள் அது குடியிருக்கும். அவர்களுக்கு ஒரு நோயும் இருக்காது. கட்டி, சீழ்ப்புண், வெட்டுக்காயம் உள்ள விரலில் அது கூட்டம் கூட்டமாக இருக்கும். பால் வெட்டும் கத்தியும் செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளும் பிடிக்கிற கைகளில் கீறல் இல்லாத கை எத்தனை? அந்தக் கை தேங்காய்ச் சட்னியைக் கலக்குகிறது, வெந்த கோழியைப் பிய்த்துப் போடுகிறது, கேசரியை உருட்டுகிறது. பிறகு அந்தப் பண்டம் நாலைந்து மணி நேரம் வெப்பத்தில் கிடக்கிறது. கிருமிக்கு வேறென்ன வேண்டும்? உப்பு தூக்கலாகப் போட்டால் கெடாது என்றும் நம்மவர்கள் நினைக்கிறார்கள். மற்றக் கிருமிகளை அடக்கும் உப்பு இந்தக் கிருமியை அவ்வளவு சுலபத்தில் அடக்காது. போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் இது இன்னும் வசதியாக வளரும்.

இந்த உண்மை வெளியே வந்த கதை நம் தோட்டங்களுக்குத் தூரமானது அல்ல. மார்ஷல் பார்பர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் பிலிப்பீன்ஸ் நாட்டில் வேலை பார்த்தபோது, ஒரு பண்ணையில் பால் குடித்தவர்களுக்கு அடிக்கடி வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. கறந்த சூட்டில் குடித்தால் ஒன்றும் இல்லை. வைத்திருந்து குடித்தால்தான் வினை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பாலைச் சில மணி நேரம் வைத்திருந்து தானே குடித்துப் பார்த்தார்! படாத பாடு பட்டார். ஒரு பசுவின் மடியிலிருந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி, பால் வைத்திருந்த நேரத்தில் விஷத்தை உண்டாக்கியது என்று 1914-ல் எழுதி வைத்தார். அதே பார்பர்தான் 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் கொக்கிப் புழு நோயை ஆராய்ந்த குழுவில் ஒருவராக மலாயாவுக்கும் வந்தவர். சஞ்சிக்கூலிகள் என்று அழைக்கப்பட்ட நம் முன்னோர்கள் அந்த நோயில் வெளிறிப் போய்க் கிடந்த காலம் அது. தன் வயிற்றையே சோதனைக் குழாயாக்கிய அந்த மனிதரின் பெயரை நம் பள்ளிப் புத்தகங்கள் சொல்வதில்லை.

ஏழைப் பாழைகளுக்குத்தான் இப்படி நடக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். 1975 பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்து பாரிசுக்குப் போன ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் 344 பயணிகள் இருந்தார்கள். வழியில் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் ஏற்றிய காலைச் சாப்பாட்டில் முட்டை ஆம்லெட்டும் பன்றி இறைச்சியும் இருந்தன. இறைச்சியைக் கையாண்ட சமையல்காரரின் விரல்களில் கொப்புளம். சாப்பாடு பல மணி நேரம் போதிய குளிர்ச்சி இல்லாமல் கிடந்திருக்கிறது. வானத்திலேயே வாந்தி தொடங்கிவிட்டது. கோபன்ஹேகனில் இறங்கியபோது 196 பயணிகளும் ஒரு சிப்பந்தியும் நோயாளிகள். விமானம் ஓட்டியவர்கள் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடவில்லை. சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இத்தனைக்கும் அந்த ஆம்லெட் விமானத்தில் சூடாக்கித்தான் பரிமாறப்பட்டது.

2000-ம் ஆண்டில் ஜப்பானில் ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் பாலைக் குடித்து 13,000-க்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஹொக்கைடோவில் இருந்த ஆலையில் சில மணி நேரம் மின்சாரம் நின்றுபோனது. கதகதப்பில் நின்ற பாலில் கிருமி வளர்ந்தது. பிறகு காய்ச்சினார்கள், பொடியாக்கினார்கள், கிருமி ஒன்றுகூட மிஞ்சவில்லை. விஷம் மட்டும் அந்தப் பொடியில் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரு கொதி விட்டால் போதும் என்கிற தாய்மார்கள் இந்தச் சம்பவத்தை மனத்தில் வைக்க வேண்டும்.

இனி சோற்றுக்கு வருவோம். நமக்கு இதுதான் முக்கியம்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. பேரிலேயே சீரியஸ் இருக்கிறது, நாம்தான் சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை. மண்ணில் வாழ்வது, நெல்லோடு கூடவே வருவது. அரிசியை எத்தனை முறை கழுவினாலும் முழுக்கப் போகாது. ஆபத்து வந்தால் விதைபோல ஓடு கட்டிக்கொண்டு தூங்கிவிடும். சோறு கொதித்து வடித்த பிறகும் அந்த விதை உயிரோடு இருக்கும். சோறு ஆறி வெதுவெதுப்பாகும்போது முளைவிட்டு எழும், பெருகும், செரியுலைட் என்ற விஷத்தைச் சோற்றில் சேர்க்கும். இந்த விஷம் 121 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்தாலும் அழிவதில்லை என்று கண்டிருக்கிறார்கள். நம் வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதிப்பதே 100 டிகிரியில். இதை எந்தக் கொதி விட்டு அழிப்பது?

இது முதலில் அம்பலமானது 1971-ல், லண்டன் சீன உணவுக் கடைகளின் பொரித்த சோற்றில். முதல் நாளே பெரிய அளவில் சோறு வடித்து, குளிர்பெட்டியில் வைத்தால் கட்டி கட்டியாகிவிடும் என்று வெளியிலேயே விட்டுவிடுவார்கள். மறுநாள் ஆர்டர் வந்ததும் முட்டையைப் போட்டு இரண்டு புரட்டு. நம் வீட்டு நாசி கோரெங்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்கள்! நம் நாட்டிலும் கிள்ளானில் ஒரு பள்ளி விடுதியில் இதே கிருமியால் மாணவர்கள் பாதிக்கப்பட்ட செய்தியை 1984-ல் மலேசிய மருத்துவ ஏடு வெளியிட்டிருக்கிறது. சோறு மட்டுமல்ல. மீ, மீகூன், பாஸ்தா எல்லாம் மாவுப் பண்டமே. 2008-ல் பெல்ஜியத்தில் 20 வயது மாணவர் ஒருவர் ஐந்து நாள் வெளியில் கிடந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலைக்குள் இறந்துபோனார். அது மிக அபூர்வம். பெரும்பாலோர் ஒரு நாளில் தேறிவிடுவார்கள். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, ஆனால் இந்த விஷம் ஈரலைத் தாக்கக்கூடியது என்பதையும் மறைத்துவிட்டுப் போக முடியாது.

வாந்தி ஏன் வருகிறது என்றும் சிலர் கேட்கலாம். விஷம் குடலில் பட்டதும் குடல் அணுக்கள் செரோட்டோனின் என்ற சுரப்பை விடுகின்றன. அது ஒரு நரம்பைத் தட்டி மூளைக்குத் தந்தி அடிக்கிறது. "வெளியே தள்ளு" என்று மூளை உத்தரவு போடுகிறது. பெய்ஜிங் ஆய்வாளர்கள் 2022-ல் ஸ்டாஃபிலோகாக்கஸ் விஷத்தை எலிக்குக் கொடுத்து இந்தத் தந்திக் கம்பியைப் படிப்படியாகக் கண்டு எழுதினார்கள். எலியால் வாந்தி எடுக்க முடியாது, ஓங்கரிக்க மட்டும் செய்யும். ஆகவே இந்த விஷங்களைச் சோதிக்க விஞ்ஞானிகள் பல காலமாகப் பயன்படுத்தும் பிராணி எது தெரியுமா? நம் பிள்ளையாருக்கு வாகனமான மூஞ்சூறு! அது மனிதனைப் போலவே வாந்தி எடுக்கும். கொழுக்கட்டை படைக்கும்போது நினைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

தோட்டத்து வாழ்க்கையோடு இதைப் பொருத்திப் பார்ப்போம். வெட்டுக்குப் போகிறவள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மீகூன் பிரட்டுகிறாள். சூடு ஆறுமுன்னே தூக்குச் சட்டியில் அடைத்து மூடுகிறாள். பெரட்டுக்குப் போய், நிரைக்குப் போய், பசியாற உட்காரும்போது பத்து மணி தாண்டிவிடும். ஆறு மணி நேரம்! மூடிய பாத்திரத்தில் இளஞ்சூடு. கிருமிக்கு இதைவிட நல்ல ஆயாக் கொட்டகை கிடைக்குமா? சமைத்ததை நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடியுங்கள் என்று சுகாதார அமைச்சு சொல்கிறது. பட்டணத்தில் உட்கார்ந்து சொல்வது சுலபம். வெட்டுக்காட்டில் நேரத்தை யார் தருவது? அவளைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆறு மணிக்கே கொஞ்சம் பசியாறிவிட்டு, பத்து மணிக்கு ரொட்டி, பிஸ்கட், அவித்து ஓடு உரிக்காத முட்டை, வாழைப்பழம் என்று காய்ந்த பண்டமாகக் கொண்டு போகலாம். மீகூன்தான் வேண்டுமென்றால் கொதிக்கக் கொதிக்க நல்ல சூட்டுக் குடுவையில் போட்டால் சூடு தாங்கும். இளஞ்சூடுதான் எமன்.

பழையசோற்றைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். நம் தாத்தா பாட்டி அதைச் சாப்பிட்டுத்தானே காட்டை அழித்துத் தோட்டமாக்கினார்கள்? தண்ணீர் ஊற்றி வைத்த சோறு புளிக்கிறது. புளிப்பு ஏற ஏற இந்தக் கிருமிக்கு ஆகாது. தண்ணீர் ஊற்றாமல் சட்டியில் அப்படியே மூடி வைத்த சோறு வேறு, புளிக்க வைத்த சோறு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. அதற்காகப் பழையசோறு ஒருபோதும் கெடுதல் செய்யாது என்றும் நாம் உத்தரவாதம் எழுதித் தரப்போவதில்லை. வடித்த சோற்றை நாலைந்து மணி நேரம் சும்மா போட்டுவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றினால், புளிப்பு வருவதற்குள் விஷம் வந்திருக்கலாம். சோறு ஆறியதும் ஊற்ற வேண்டியதுதான்.

அன்னதான விஷயத்துக்கு வருவோம். பினாங்குத் தைப்பூசம் என்றால் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும்தான். ஜார்ஜ் டவுனிலிருந்து தண்ணீர்மலை வரைக்கும் வழிநெடுகப் பந்தல். செபராங் பிறைத் தோட்டத்துப் பிள்ளைகளும் படகிலோ பாலத்திலோ வந்து கலந்துகொள்கிறார்கள். நிபோங் திபால், புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களுக்கும் குறைவில்லை. எல்லாம் புண்ணியந்தான். ஆனால் விடியற்காலை இரண்டு மணிக்கு வடித்த ஓர் அண்டாச் சோறு மத்தியானம் இரண்டு மணிக்குப் பரிமாறப்பட்டால், அது என்ன கணக்கில் சேரும்? சின்னச் சட்டிச் சோறு சீக்கிரம் ஆறிவிடும். ஆளுயர அண்டாவின் நடுச்சோறு மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும். வெளியே தொட்டால் ஆறியிருக்கும், உள்ளே கிருமிக்குக் கலியாணம் நடக்கும். மணத்திலும் ருசியிலும் ஒரு மாற்றமும் தெரியாது. "மோந்து பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்வது உண்மையாகவே இருக்கும். அதில் பயன் இல்லை.

இந்த இடத்தில் பழைய நாசி கண்டார் வியாபாரிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தோளில் காவடிபோல் கண்டார் தூக்கி, ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் கறி, துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றார்கள். ஒரு மனிதன் தோள் தாங்கும் அளவுதான் சோறு. விற்றுத் தீர்ந்தால் வீடு. அறிவியல் தெரிந்து செய்ததல்ல, ஆனாலும் அது சரியான முறை. கோயில் கமிட்டியாரும் அதைச் செய்யலாமே! ஓர் அண்டாவுக்குப் பதில் நாலு சட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புதுச் சோறு. கை கொண்டு கலக்கும் பண்டங்களைத் திருவிழாவில் தவிர்க்கலாம். விரலில் கட்டோ கட்டியோ இருக்கிறவர் காய்கறி நறுக்கக்கூட வேண்டாம், கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலைக்குப் போகட்டும், சாமி கோபித்துக்கொள்ளாது. 2009-ம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி உணவுக் கடைக்காரர்கள் பயிற்சி பெற வேண்டும், டைபாய்டு ஊசி போட வேண்டும். அந்தப் பயிற்சிக்குக் கமிட்டியிலிருந்து இரண்டு பேரை அனுப்புவதில் என்ன நஷ்டம்? ஒலிபெருக்கிக்குச் செலவழிப்பதில் ஒரு துளி போதும்.

நம்மை மிகவும் வருத்துவது வேறொன்று. பத்துப் பேர் வாந்தி எடுத்ததும் "வெளியே சொல்லாதே, கோயிலுக்குக் கெட்ட பேரு" என்று மூடி மறைப்பது! சம்பந்தப்பட்டவர்கள் வீட்டிலேயே சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு, மறுநாள் தள்ளாடிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். போகாதவனுக்கு அன்றைய கூலி போச்சு. மேலே இருப்பவர்கள் "திருவிழாவில் குடித்துவிட்டுப் படுத்துக் கிடக்கிறான்" என்று எழுதிக்கொள்வார்கள். எவ்வளவு பெரிய அநியாயம்! 1988-ம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, சாப்பாட்டு நஞ்சு என்று சந்தேகம் வந்தாலே மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1955-ம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. டாக்டரிடம் போய்ச் சீட்டு வாங்கினால்தான் அந்தச் சம்பளம். மறைப்பதால் கமிட்டியின் பேர் காப்பாற்றப்படுகிறது. தொழிலாளியின் கூலி பறிபோகிறது. எது பெரிது?

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. 1990-ம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு வசதிச் சட்டம் தோட்டங்களில் குழாய்த் தண்ணீர், மின்சாரம், பிள்ளைகள் காப்பகம் பற்றியெல்லாம் பேசுகிறது. ஆனால் காப்பகத்தில் குளிர்பெட்டி வேலை செய்கிறதா, ஆயா கை கழுவ சவர்க்காரம் இருக்கிறதா என்று எந்த மானேஜர் போய்ப் பார்க்கிறார்? தாய் காலையில் கொடுத்துவிட்டுப் போகும் சோறும் பாலும் மத்தியானம் வரை மேசை மேலே கிடந்தால் ஆயாவைத் திட்டிப் பயனில்லை. இன்று தோட்டங்களில் நம்மோடு இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் வேலை செய்கிறார்கள். ஒரு கொங்சியில் இருபது பேருக்கு ஒரே சட்டியில் இராத்திரி வடித்து, மறுநாள் மத்தியானம் வரை அதையே சாப்பிடும் நிலை இருந்தால் அவர்களுக்கும் இதே கதிதான். அவர்களுக்கு மொழியும் தெரியாது, கிளினிக்குக்குப் போகப் பயமும் உண்டு. தொழிற்சங்கத்தார் கூலிக் கணக்கோடு இந்தக் குளிர்பெட்டிக் கணக்கையும் மேசையில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969-லிருந்து இப்படிப்பட்ட விஷயங்களைச் சளைக்காமல் பேசி வருகிறது. கோயில்களும் தொழிற்சங்கங்களும் அவர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டால் நல்லது.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சந்தான். மிஞ்சிய சோற்றையும் கறியையும் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் சமையுங்கள். ஏற்கெனவே வெளியில் இராத்திரி முழுக்கக் கிடந்ததை, மனசு கேட்காவிட்டாலும், கொட்டிவிடுங்கள். சோற்றைக் கொட்டுவது பாவம் என்று வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான் அளவாக வடிக்கச் சொல்கிறோம்.

அப்படியும் வாந்தி வந்துவிட்டால் ஆன்டிபயாட்டிக் மாத்திரை தேடி ஓட வேண்டாம். உள்ளே இருப்பது விஷம். கிருமியைக் கொல்லும் மருந்து அதை ஒன்றும் செய்யாது. உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாக, நிற்காமல் கொடுங்கள். கைக்குழந்தை, முதியவர், கர்ப்பிணி என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பிள்ளை மூத்திரம் போகவில்லை, கண் செருகுகிறது, கண் மஞ்சளாகிறது, வாந்தியில் இரத்தம் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பந்தியில் சாப்பிட்ட பலருக்கும் ஒரே நேரத்தில் வந்திருந்தால், மிஞ்சிய சாப்பாட்டைக் கொட்டிக் கழுவிவிடாமல் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துச் சுத்தமான டப்பாவில் மூடி, குளிர்பெட்டியில் வைத்து, சுகாதார அதிகாரி வந்ததும் அவரிடம் ஒப்படையுங்கள். யார் யார் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு வாந்தி வந்தது என்று தமிழிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எந்த அண்டாவில் வினை இருந்தது என்பதை அதை வைத்தே அவர்களால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிட முடியும்.